காம்பே அம்பர்: மரப்பிசின் புதைபடிவமாவது எப்படி?

அம்பர் என்பது பழங்கால மரங்களில் வடிந்த பிசின் மண்ணுக்குள் புதைந்து, பல இலட்சம் ஆண்டுகளில் இறுகி உருவான புதைபடிவம் ஆகும். மணியாகக் கோத்து அணியப்பட்டாலும் இது கனிமம் அன்று. உயிரினத்திலிருந்து தோன்றிய கரிமப் பொருள். திமிங்கலத்தின் குடலில் உருவாகும் வாசனைப் பொருளும் அம்பர் என அழைக்கப்படுவதுண்டு. இரண்டும் வேறு வேறு. இந்தியாவில் அம்பர் மிகுதியாகக் கிடைத்த இடங்களுள் முக்கியமானவை குசராத்தின் சூரத் மாவட்டத்திலுள்ள வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். இங்குக் கிடைப்பது காம்பே அம்பர் எனப்படுகிறது.

எந்தப் பிசின் அம்பராகும்?

தமிழில் பிசின் என்ற ஒரே சொல் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறது. வேலம் பிசின், முருங்கைப் பிசின் ஆகியவை சர்க்கரை வகை மூலக்கூறுகளால் ஆனவை. நீரில் ஊறி இளகும் இவை மண்ணில் விரைவில் அழிந்துவிடும். குங்கிலியமோ டெர்பீன் வகைச் சேர்மங்களால் ஆனது. அது நீரில் கரையாது; நெருப்பில் உருகி மணத்துடன் புகையும். இந்த இரண்டாம் வகையே அம்பராக மாறக்கூடியது. பட்டை கிழிந்தாலோ பூச்சி துளைத்தாலோ மரம் இதைச் சுரந்து காயத்தை அடைக்கிறது. அப்போது அதில் ஒட்டிக்கொள்ளும் எறும்பும் ஈயும் மேலே வழியும் அடுத்த பிசினால் மூடப்படுகின்றன.

மாற்றத்தின் படிகள்

முதலில், பிசினில் உள்ள எளிதில் ஆவியாகும் பொருள்கள் வெளியேறுகின்றன, பிசின் கெட்டியாகிறது. அடுத்து, எஞ்சிய சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. இதுவே பலபடியாதல். இம்மாற்றம் முழுமையடையாத இளம் பிசின் கோப்பல் எனப்படும்.

இறுகினால் மட்டும் போதாது. வெயிலும் காற்றும் படும் இடத்தில் பிசின் வெடித்துப் பொடியாகும். ஆக்சிசன் குறைந்த சேற்றில் அது விரைவாகப் புதைய வேண்டும். அம்பரின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். அதனால் வெள்ளம் அதை மரத்துண்டுகளோடு எளிதில் அடித்துச் சென்று, ஓட்டம் தணியும் கழிமுகங்களிலும் கரையோரச் சதுப்புகளிலும் சேர்க்கிறது. அங்கே தாவரக் குப்பை பழுப்பு நிலக்கரியாகும்போது, பிசினும் மிதமான வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அம்பராகிறது. வெப்பம் மிகுந்தால் அம்பர் சிதைந்துவிடும். அம்பர் பல இடங்களில் பழுப்பு நிலக்கரியோடு சேர்ந்தே கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

குங்கிலியக் காடு

காம்பே அம்பரின் வயது 5 முதல் 5.2 கோடி ஆண்டுகள். அதன் வேதியியலும் உடன் கிடைத்த மரப் படிவங்களின் உள்ளமைப்பும் அது டிப்டெரோகார்ப்பேசியே குடும்ப மரங்களில் வடிந்தது எனக் காட்டின. குங்கிலியம் தரும் சால மரமும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பூசைக் கடைகளில் விற்கும் குங்கிலியக் கட்டி இந்த அம்பருக்கு நெருங்கிய உறவு எனலாம்.

காம்பே அம்பரில் பலபடியாதல் மிகக் குறைந்த அளவே நடந்துள்ளது. ஆகவே கரிமக் கரைப்பான்களில் இது எளிதில் கரைகிறது. உள்ளே உள்ள பூச்சியை முழுதாக வெளியே எடுத்து நுண்ணோக்கியில் ஆராய முடிகிறது. நன்கு இறுகிய பால்டிக் அம்பரில் இவ்வாறு செய்வது அரிது.

தீவாக மிதந்த இந்தியா

கோண்டுவானாவிலிருந்து பிரிந்த இந்திய நிலப்பகுதி நெடுங்காலம் கடலில் நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. இத்தனை காலம் தனித்திருந்த நிலத்தில் வேறெங்கும் இல்லாத உயிரினங்களே நிறைந்திருக்கும் என்று கருதப்பட்டது. காம்பே அம்பர் அந்த மோதலின் காலத்தைச் சேர்ந்தது என்பதால், இக்கருத்தைச் சோதிக்க அது நேரடிச் சான்றாக அமைந்தது.

பான் பல்கலைக்கழகத்தின் யெஸ் ரஸ்ட், லக்னோவின் பீர்பல் சகானி நிறுவனத்தைச் சேர்ந்த உக்கம் சிங், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் கிரிமால்டி உள்ளிட்டோர் 2010இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 14 வரிசைகளையும் 55க்கும் மேற்பட்ட குடும்பங்களையும் சேர்ந்த 100க்கும் அதிகமான கணுக்காலி இனங்கள் அதில் இடம்பெற்றன. தேனீக்கள், கறையான்கள், எறும்புகள் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். பல இனங்களின் உறவினங்கள் வட ஐரோப்பாவின் பழைய அம்பரிலும், ஆஸ்திரலேசியா, வெப்பமண்டல அமெரிக்கா ஆகிய பகுதிகளிலும் காணப்படுகின்றன. எனவே மோதலை ஒட்டிய காலத்தில் இந்தியா உயிரின அளவில் முற்றிலும் தனித்த தீவாக இருக்கவில்லை என்பது தெளிவாயிற்று. இன்று தென்கிழக்கு ஆசியாவில் ஓங்கி நிற்கும் டிப்டெரோகார்ப் காடுகளை ஒத்த காடு அன்றே குசராத்தில் இருந்தது என்பதும் உறுதியானது.

பாதுகாப்பு

பழுப்பு நிலக்கரி மின்நிலையங்களுக்கு எரிபொருளாகிறது. மண்ணின் ஆழத்தில் கிடந்த அம்பர் வெளிப்படக் காரணம் சுரங்க வேலையே. ஆனால் உரிய நேரத்தில் பொறுக்கி எடுக்கப்படாத துண்டு நிலக்கரியோடு சேர்ந்து எரிந்துவிடும். எடுத்த பின்னும் வெளிச்சம், வெப்பம், காற்று ஆகியவை அதன் மேற்பரப்பை வெடிக்கச் செய்யும். ஐந்து கோடி ஆண்டுகள் சேற்றில் கெடாமல் இருந்த பிசினுக்கு, வெளியே வந்த பிறகே பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது.