ஆற்றில் இல்லை... சாக்கடையில் இல்லை... வீட்டு டிரம்முக்குள் டெங்கு கொசு!

சுருளிப்பட்டியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஒரு பக்கம் முல்லைப் பெரியாறு. இன்னொரு பக்கம் சுருளி அருவி. நடுவில் நெல் வயலும் திராட்சைப் பந்தலும். "இவ்வளவு தண்ணி கிடந்தா கொசு வராம என்ன செய்யும்?" என்று டீக்கடை பெஞ்சில் பேசாதவர்கள் கிடையாது.

ஆனால் விஷயமே வேறு! ஆளைக் கொல்லும் டெங்கு கொசு, ஓடுகிற ஆற்றில் முட்டை போடாது. சாக்கடைப் பக்கமும் அவ்வளவாகப் போகாது. அதற்கு வேண்டியது தெளிந்த, அசையாத தண்ணீர். அதாவது நாம் குடிக்கவும் புழங்கவும் பிடித்து வைக்கிறோமே, அந்தத் தண்ணீர்! வயல் கொசு வேறு ஜாதி. அது மூளைக் காய்ச்சலைப் பரப்பும். டெங்கு கொசு வீட்டுக் கொசு. பிறந்த வீட்டைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

அப்படியானால் உங்களைக் கடித்த கொசு எந்த வீட்டில் பிறந்தது? ஒன்று உங்கள் வீடு. இல்லாவிட்டால் பக்கத்து வீடு!

முட்டைக்கு எட்டு மாதம் ஆயுள்

இந்தக் கொசு தண்ணீருக்குள் முட்டை போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரின் ஈரத்தில் ஒட்டி வைக்கிறது. கறுப்பாக, மிளகுத் தூள் சிந்தியது போல் இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். காய்ந்த சுவரிலேயே அந்த முட்டை எட்டு மாதம் வரை உயிரோடு இருக்கும். மறுபடி குழாயில் தண்ணீர் பிடித்ததும் பொரித்துக்கொள்ளும். ஏழு முதல் பத்து நாளில் கூத்தாடிப் புழு கொசுவாகிப் பறந்துவிடும்.

ஆகவே வாரம் ஒருநாள் டிரம், தொட்டி, அண்டா எல்லாவற்றையும் காலி செய்து, தேங்காய் நார் போட்டு உள்சுவரைக் கரகரவென்று தேய்க்க வேண்டும். வெறுமனே கழுவி ஊற்றினால் பிரயோஜனம் இல்லை. காய வைத்து, தண்ணீர் பிடித்த பிறகு துணியால் இறுகக் கட்டி மூட வேண்டும்.

கொல்லையில் யாரும் ஆட்டாத ஆட்டுரல் கிடக்கும். குழியில் மழைத் தண்ணீர். பிரிட்ஜின் பின்னால் ஒரு தட்டு உண்டு. அதை எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? திராட்சைத் தோட்டத்தில் மருந்து கலக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர் கூட அதற்குத் தாராளம்!

அருவிக்கு வருகிறவர்கள்

லீவு நாளிலும் ஆடி அமாவாசையிலும் சுருளி அருவிக்குக் கூட்டம் அலைமோதும். குளித்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டு, டீ குடித்த கப்பை வீசிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். கூடும் கப்பும் கிடக்கும். அடுத்த மழையில் அத்தனையும் கொசுத் தொட்டில்.

உல்லாச ஊர்களுக்கு இது புதிய தலைவலி அல்ல. மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிய தமிழர்களின் வாரிசுகள் அங்கே ஏராளம். 2005-06இல் அந்தத் தீவில் சிக்குன்குனியா புகுந்தது. எட்டு லட்சத்துக்கும் குறைவான ஜனத்தொகையில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். டூரிஸ்டுகள் வரவு சரிந்தது. கொசுவை ஒழிக்க ராணுவத்தையே இறக்கியது அரசு! 2018 முதல் சில ஆண்டுகள் டெங்குவும் அங்கே ஆட்டிவைத்தது. இரண்டையும் பரப்புவது ஏடிஸ் இனக் கொசுதான்.

அதே 2006இல் தமிழ்நாட்டிலும் ஜனங்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு கூனிக் கூனி நடந்தது மறந்துவிடவில்லையே? 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆடிய ஆட்டம்? 2017இல் தமிழகம் முழுவதும் 23 ஆயிரத்து 294 பேருக்கு டெங்கு, 65 பேர் பலி என்பது அரசாங்கக் கணக்கு.

புகை போட்டால் போதுமா?

காய்ச்சல் என்றதும் "புகை மெஷின் வரலையே" என்றுதான் முதல் புகார். வந்தாலோ, பாதி வீடுகளில் கதவைப் படாரென்று சாத்திக்கொள்கிறார்கள்! கொசு உள்ளே, புகை வெளியே. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். புழுவும் முட்டையும் அப்படியே இருக்கும். தொட்டியில் ஊற்றும் 'அபேட்' மருந்துக்கும் இதே கதிதான். ஊழியர் தெரு திரும்புமுன் வாடை அடிக்கிறது என்று தண்ணீரையே கொட்டிவிடுகிறார்கள். சரியான அளவில் ஊற்றினால் குடிதண்ணீருக்குக் கெடுதல் இல்லை.

இந்தக் கொசு கடிப்பது பகலில். விடிந்த சிறிது நேரத்திலும், பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். கேரளத்து ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் கை கால் மூடிய உடுப்புப் போடுவது நல்லது. காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் சில நாள் கழித்து அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகிறது.

காய்ச்சல் விட்டதும் உஷார்!

மருந்துக் கடையில் வாயால் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்குவது பெரிய ஆபத்து. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரின், புருபென் வகையறாக்கள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். நிறையக் கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம்.

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். "விட்டுருச்சு" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுவார்கள். அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம்! தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப் போவது, ஒரே அசதி... இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கம்பம் அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். அதற்கு மேல் க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வண்டிக்கு 108. ராத்திரி நேரத்தில் சந்தேகம் கேட்க 104.