பணம் கிடைத்தது, துணை கிடைக்கவில்லை!

ஹாக்கி என்றதும் நம் நேயர்களுக்குத் தயான்சந்தும் பச்சைப் புல் மைதானமும் ஞாபகத்துக்கு வருவது இயல்பே. இங்கே சொல்லப்போவது வேறொரு ஹாக்கி. ஐக்கிய அமெரிக்காவின் கலாசாலை மாணவர்கள் பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடும் ஆட்டம் அது. காலணிகளின் அடியில் எஃகுத் தகடு. பந்துக்குப் பதிலாக ரப்பர் வில்லை. ஆட்டக்காரர்களின் வேகமோ கண்ணால் தொடர முடியாதது.

இந்த ஆட்டத்தில் சிறிய கலாசாலைகளுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மிச்சிகன் மாகாணத்தின் வடகோடியிலுள்ள லேக் சுபீரியர் சர்வகலாசாலை மிகவும் சிறியது. ஆயினும் 1988, 1992, 1994 ஆகிய மூன்று வருஷங்களில், பெயர்பெற்ற சர்வகலாசாலைகளையெல்லாம் தோற்கடித்துத் தேசிய வெற்றிக் கிண்ணத்தை அது தட்டிக்கொண்டு போயிற்று. இத்தகைய வடக்கத்தி ஊர்களில் நீண்ட குளிர்காலத்து வெள்ளி, சனி இரவுகளில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போய்ச் சேரும் இடம் ஹாக்கிக் கூடந்தான்.

ஆனால் பெருமை செலவைத் தாங்குமா? பனித்தளத்தை மாதக்கணக்கில் உறைய வைத்திருக்க வேண்டும். சுமார் இருபத்தாறு பேருக்குக் கவசமும் காலணியும் மட்டையும் வேண்டும். பயிற்சியாளருக்குச் சம்பளமும், ஆட்டக்காரர்களுக்கு உபகாரச் சம்பளமும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பிரயாணச் செலவு! பெரிய சர்வகலாசாலைகளுக்கு அமெரிக்கக் கால்பந்தின் டெலிவிஷன் வருமானம் கோடிக்கணக்கில் வந்து குவிகிறது. சிறிய கலாசாலைகளோ மாணவர் கட்டணத்தையும், அரசாங்க மானியத்தையும், ஊராரின் நன்கொடையையும் நம்பியே காலம் தள்ளுகின்றன.

2010-ம் வருஷத்தில் ஒரு தனவந்தர் பென்சில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலைக்குப் பனித்தளம் கட்டவும் கோஷ்டி அமைக்கவும் 8 கோடியே 80 லட்சம் டாலர் வழங்கினார். அந்தத் தர்மத்தின் பலன் விசித்திரமாக முடிந்தது. அதுவரையில் பெரியவர்களும் சிறியவர்களும் ஒரே லீகில் கலந்து ஆடி வந்தார்கள். பெரியவர்கள் தனியே லீக் அமைக்க ஆறு கோஷ்டிகள் வேண்டியிருந்தது. புதிய கோஷ்டி ஆறாவதாயிற்று. 2013-ல் மிச்சிகன், மினஸோட்டா முதலிய சர்வகலாசாலைகள் பழைய சகாக்களை விட்டுப் பிரிந்தன. வேறு சில கோஷ்டிகளும் கூடித் தங்களுக்கென ஒரு லீகை ஏற்படுத்திக்கொண்டன. எஞ்சியவை ஒரு லீகில் ஒதுங்கின. அதன் ஒரு முனை துருவத்தை ஒட்டிய அலாஸ்கா. மறுமுனை தெற்கே அலபாமா! ஆகாய விமானக் கட்டணத்தைச் சொல்ல வேண்டுமா? 2019-ல் அதிலிருந்த ஏழு கோஷ்டிகள் விலகப்போவதாக அறிவித்தன. தூரத்தில் இருந்த மூன்று மட்டும் தனித்து நின்றன. 2021-ல் அந்த லீகின் ஆடவர் பிரிவு அடியோடு மறைந்தது.

அந்த மூன்றில் ஒன்று அலபாமா-ஹண்ட்ஸ்வில் சர்வகலாசாலை. 2020 மே மாதத்தில், கொரோனாத் தொற்றுக் காலத்தில், சிக்கனத்தை முன்னிட்டு நிர்வாகிகள் ஹாக்கியை நிறுத்தினார்கள். பழைய மாணவர்களும் ஊர் ஜனங்களும் சில தினங்களுக்குள் லட்சக்கணக்கான டாலர் திரட்டிக் கொடுக்கவே, கோஷ்டி பிழைத்தது. ஆனால் அடுத்த பருவத்துக்கு அதைச் சேர்த்துக்கொள்ள ஒரு லீகும் முன்வரவில்லை. 2021 மே மாதத்தில் ஆட்டம் மறுபடியும் நின்றது.

இரண்டாவது அலாஸ்கா-ஆங்கரேஜ். 2019-ல் மாகாண அரசாங்கம் அலாஸ்கா சர்வகலாசாலைக்குத் தரும் மானியத்தை மூன்று வருஷங்களில் 7 கோடி டாலர் குறைப்பது என்று தீர்மானமாயிற்று. 2020-ல் கத்தி ஹாக்கியின்மேல் விழுந்தது. இரண்டு வருஷச் செலவுக்காக 30 லட்சம் டாலர் திரட்டினால் கோஷ்டி இருக்கலாம் என்றார்கள் நிர்வாகிகள். ஊரார் ஒரு வருஷத்துக்குள் திரட்டியே விட்டார்கள்! 2022-ல் கோஷ்டி மீண்டும் களம் இறங்கியது. ஆனால் எந்த லீகிலும் இடமில்லாமல், எதிரிகளைத் தானே தேடிப் பிடித்து ஆட வேண்டியதாயிற்று.

இவற்றோடு பிட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த ராபர்ட் மோரிஸ் சர்வகலாசாலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2021 மே மாதத்தில் அங்கே ஆடவர், மகளிர் ஆகிய இரு கோஷ்டிகளும் ஒரே நாளில் நீக்கப்பட்டன. மகளிர் கோஷ்டியோ இரண்டு மாதம் முன்புதான் தன் லீகின் பட்டத்தை வென்று தேசியப் போட்டியில் ஆடியிருந்தது! அங்கும் நன்கொடையாளர்கள் திரண்டார்கள். அவ்வருஷ டிசம்பரிலேயே முடிவு மாற்றப்பட்டது. பழைய லீகுகள் இடம் கொடுத்தமையால் 2023-ல் இரு கோஷ்டிகளும் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

மூன்று ஊர்களிலும் ஜனங்கள் பணத்துக்குப் பின்வாங்கவில்லை. வித்தியாசம் சகாக்களில்தான் இருந்தது. ஒரு கை தட்டினால் ஓசை எழும்புமா? எதிரே நிற்க ஒரு கோஷ்டி இல்லாவிட்டால் பொக்கிஷமே இருந்தும் பந்தயம் நடவாது.

இப்போது புதிய சோதனை ஒன்று வந்திருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, சர்வகலாசாலைகள் விளையாட்டு மாணவர்களுக்கு நேராகவே பணம் தரலாம். முதல் வருஷத்து உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்த உச்சவரம்பைச் சிறிய கலாசாலை கனவிலும் எட்டாது. தான் வளர்த்தெடுத்த ஆட்டக்காரனைப் பணக்காரச் சர்வகலாசாலை அழைத்துக்கொண்டால், "போய் வா" என்று ஆசீர்வதித்து அனுப்புவதன்றி வேறு என்ன செய்வது?

பெரியவர்கள் ஒன்றை மறந்துவிடலாகாது. சிறியவை ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டால், ஆட்ட அட்டவணை அவர்களுக்கும் சுருங்கிப்போகும். தோற்கடிப்பதற்காவது ஓர் எதிரி வேண்டுமல்லவா?