ஆணையும் அறிவுரையும்: போட்டி ஆணையத்தின் இரு குரல்கள்

'போட்டி' என்னும் சொல்லுக்குத் தமிழர் வழக்கில் நற்பெயர் வாய்க்கவில்லை. பொறாமையோடு இணைத்தே அதனைச் சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எனப் பள்ளி மேடையில் மட்டும் அது சற்று மதிப்போடு நிற்கிறது. கடைத்தெருவுக்கு வந்ததும் பகையின் நிழல் அதன்மேல் விழுந்துவிடுகிறது.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் நாம் சிறுவராயிருந்த காலத்தில் மளிகைக் கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சம்பள நாளில் முதலில் தீர்வது அக்கடையின் பற்று. அரிசி என்ன விலை என்று எவரும் கேட்டதில்லை. கேட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு விலை இல்லை. ஈப்போவுக்குப் பேருந்தில் போய்வந்த ஒரு நாளில்தான் அம்மா, "அங்கே இத்தனை காசு குறைவு" என்று வியப்போடு சொல்லக் கேட்டோம். போட்டி என்பதன் பொருளியற் பொருளை நாம் கற்ற முதற்பாடம் அது.

மலேசிய நாடாளுமன்றம் 2010ஆம் ஆண்டில் இயற்றிய இரு சட்டங்கள் இச்சொல்லை இப்பொருளில்தான் ஆள்கின்றன. ஒன்று, 712ஆம் எண்ணுடைய போட்டிச் சட்டம். 1-1-2012 முதல் நடப்புக்கு வந்தது. மற்றொன்று, 713ஆம் எண்ணுடைய போட்டி ஆணையச் சட்டம். நாளிதழ்கள் 'மைசிசி' என்று சுருக்கி எழுதும் மலேசியப் போட்டி ஆணையத்தைத் தோற்றுவித்தது இது. முன்னதைப் பற்றிச் செய்திகள் வருகின்றன. பின்னதன் 16ஆம் பிரிவைப் பற்றி எவரும் பேசக் காணோம். நாம் பேச விரும்புவது அதைப் பற்றியே.

ஆணையத்தின் ஆணை எத்தகையது என்பதை முதலில் கண்டுவிடலாம். 2012இல் கேமரன் மலைப் பூ விளைவிப்போர் சங்கம், உறுப்பினர்கள் பூக்களின் விலையைப் பத்து விழுக்காடு உயர்த்த வேண்டுமென முடிவு செய்தது. ஈப்போவில் மாலை கட்டுவோர் வரை தொடும் செய்தி அது. விற்போர் கூடி விலை பேசுவது குற்றம் என்று கண்ட ஆணையம் அதனை நிறுத்தச் சொன்னது. அபராதம் விதிக்கவில்லை. விதிக்க விரும்பினால், விதிமீறல் நடந்த காலத்தில் ஒரு நிறுவனம் ஈட்டிய உலகளாவிய வருவாயில் பத்து விழுக்காடு வரை விதிக்கலாம். வணிகர்பால் ஆணையத்தின் குரல் இவ்வாறு அதிகாரக் குரலாக ஒலிக்கிறது.

அரசை நோக்கித் திரும்பும்போது அக்குரல் மாறிவிடுகிறது. 16ஆம் பிரிவில் மூன்று வினைகளைக் காண்கிறோம். அமைச்சருக்கும் பிற பொது அமைப்புகளுக்கும் அறிவுரை கூறுதல் ஒன்று. நடப்பிலுள்ள சட்டமோ வரவிருக்கும் சட்டமோ போட்டியைக் குலைக்கும் என்று கண்டால் அமைச்சரை எச்சரித்தல் மற்றொன்று. தேவைப்படின் அவ்விளைவைத் தவிர்க்கப் பரிந்துரைத்தல் மூன்றாவது. 'பரிந்துரை' என்பதைப் பிரித்தால் பரிந்து உரைத்தல். ஒருவர் சார்பில் அன்போடு எடுத்துச் சொல்வது. இங்கே பரிவு, விலை கொடுத்து வாங்கும் எளியவர்பால். நடுவிலுள்ள வினைக்கு 'எச்சரித்தல்' என்பதினும், அமைச்சர் கடமையைப் பேசும் நம் பழைய நூல்கள் அறிந்த 'இடித்துரைத்தல்' பொருந்தும் என்பது நம் கருத்து. கேட்கப்படாமலே சொல்வது அது. கேட்பவர்க்கு இனிக்காததைச் சொல்வது. ஆனால் அரசைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இம்மூன்றில் எதற்கும் இல்லை. 'ஆணையம்' என்னும் பெயருக்குள் இருக்கும் ஆணை, அமைச்சகத்தின் வாசலில் வெறும் உரையாக மடங்கிவிடுகிறது.

அந்த உரை ஏன் வேண்டும் எனில், அபராதம் எட்டாத இடங்கள் பல உள்ளன. சட்டம் கட்டளையிட்டதால் ஒருவர் செய்யும் செயலைப் போட்டிச் சட்டம் தொடுவதில்லை. அரிசி இறக்குமதியின் தனியுரிமை 2031 வரை பெர்னாஸ் நிறுவனத்திடம் உள்ளது. அது வணிகர் கூடிச் செய்த சதியன்று, அரசு வழங்கிய உரிமை. அதனை நீட்டிப்பதா, மாற்றுவதா என்பது கொள்கை. அங்கே ஆணையம் பேசலாம், ஆணையிட முடியாது.

அரசே போட்டியைக் கட்டிவைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பேராக் மக்கள் வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை. ரப்பர் விலை சரிந்தபோது, ஸ்டீவன்சன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1922 நவம்பர் முதல் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. தொடக்கத்தில், மதிப்பிடப்பட்ட விளைச்சலில் அறுபது விழுக்காட்டுக்கே இசைவு. விலை ஏறியது. ஆனால் திட்டத்தில் சேராத டச்சு இந்தியத் தீவுகளின் விவசாயிகள் மேலும் மேலும் நட்டனர். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. 1934இல் பல நாடுகள் கூடி மீண்டும் ஓர் ஒப்பந்தம் செய்தன. இம்முறை புதிதாக மரம் நடுவதும் தடுக்கப்பட்டது. கூடி விலையை உயர்த்துவதை இன்று குற்றம் என்கிறோம். அன்று அதுவே சட்டமாயிருந்தது.

இதனை ஆராய்ந்து சொன்னவர் பொருளியலறிஞர் பீட்டர் பாவர். சிறுதோட்டக்காரரின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டது, நடவுத் தடை அவர்களையே மிகுதியும் தாக்கியது என்று அவர் காட்டினார். ரப்பர்த் தொழிலில் போட்டியும் தனியுரிமையும் பற்றிய அவரது நூல் 1948இல் வெளிவந்தது. 1922க்கும் 1948க்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள்! சட்டம் வரைவாக இருக்கும்போதே இடித்துரைக்கும் கடமையுடைய ஓர் அமைப்பு அன்று இல்லை.

இன்று இருக்கிறது, எனினும் இடர் தீரவில்லை. 2020இல் பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் உறுப்பினர்களான 22 நிறுவனங்களுக்கு ஆணையம் 173.65 மில்லியன் ரிங்கிட் அபராதம் விதித்தது. வாகனப் பட்டறைகளுக்கான உதிரிபாகத் தள்ளுபடியையும் வேலைக் கூலியையும் கூடி நிர்ணயித்தனர் என்பது குற்றச்சாட்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அறிவுறுத்தலைப் பின்பற்றியே நடந்தோம் என்று அவர்கள் வாதிட்டனர். 2022இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் முடிவைத் தள்ளியது. ஒரு பொது அமைப்பு வகுத்த வழியை மற்றொரு பொது அமைப்பு குற்றமெனக் கண்ட வழக்கு இது. அபராதத்துக்கு வெகு முன்னரே அறிவுரையால் தீர்ந்திருக்க வேண்டியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இதனை வேறு வகையில் அமைத்துள்ளது. அங்கே அரசு கொள்கை வகுக்கும்போது ஆணையத்தின் கருத்தைக் கேட்கலாம். கேட்டால் 60 நாள்களுக்குள் ஆணையம் விடை தர வேண்டும். அக்கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்றும் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. நம் சட்டத்தில் நாள்கணக்கு இல்லை. ஆனால் கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இவ்விரண்டில் நமதே மேல் என்போம், ஒரு குறை நீங்கலாக.

சந்தை ஆய்வு ஒன்றை ஆணையம் நடத்தினால் அதன் கண்டறிதல்களையும் பரிந்துரைகளையும் வெளியிட்டே ஆக வேண்டும் என்கிறது போட்டிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. கோழி இறைச்சி, மருந்து, கட்டுமானப் பொருள் பற்றிய அறிக்கைகளை மாணவர் எவரும் எடுத்துப் படிக்கலாம். 16ஆம் பிரிவின் இடித்துரைக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அமைச்சர் என்ன விடை சொன்னார் என்று பதிவு செய்யும் கடமையும் விதிக்கப்படவில்லை. ஆணையத்தில் அரசின் சார்பில் நால்வர் அமர்வதால் தனியறையில் சொல்வதே எளிதில் செவிக்கு எட்டும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் பாவரின் ஆய்வு அச்சேறியதால்தான் ஈப்போவில் அமர்ந்து இன்று அதனைப் பற்றி நாம் எழுத முடிகிறது.