மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

பழைய கார் வாங்கின வீட்டில் முதல் மாதம் உற்சாகமாகக் கழியும். கோயில், கடற்கரை, நாத்தனார் வீடு என்று சவாரிக்குக் குறைவிராது. இரண்டாம் மாதம் ஒரு நாள், ஸ்டியரிங்குக்கு எதிரே உள்ள பலகையில் சின்னஞ்சிறு என்ஜின் படம் ஒன்று மஞ்சளாக எரியத் தொடங்கும். வண்டி என்னவோ வழக்கம் போலத்தான் ஓடும். "அது சும்மா சென்ஸார் லைட், சார்! எல்லா வண்டியிலும் வரும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். நாமும் கிடக்கட்டும் என்று விட்டு விடுவோம். மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்கைக் கூட்டும்போதுதான் 'திக்'கென்று இருக்கும்.

கணக்கு நோட்டு உங்கள் கையில்தானே இருக்கிறது? இந்தக் காலத்தில் பல வீடுகளில் ஸ்டியரிங்கும் உங்கள் கையில்தான். ஆகையால் இந்த விளக்கு சமாசாரத்தை நீங்களே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற நினைப்பே கூடாது. எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடும் என்ஜின் சில நிமிஷத்தில் பாழாகி விடும். மஞ்சளுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இந்த வாரமே கவனி என்று அர்த்தம். ஆனால் அதே மஞ்சள் விளக்கு கண் சிமிட்டுவது போல் விட்டு விட்டு எரிந்தால் சங்கதி வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. அது புகைக்குழாயில் உள்ள 'காட்டலிடிக் கன்வர்ட்டர்' என்ற விலை உயர்ந்த பெட்டிக்குள் போய் எரிந்து அதை உருக்கி விடும். வேகத்தைக் குறைத்து, கிட்டத்தில் உள்ள ஒர்க் ஷாப்புக்குப் போய்ச் சேருங்கள்.

இந்த விளக்கு பிறந்தது பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல, புகையை அடக்குவதற்காக. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் வாட்டிய காலத்தில், ஹாகன் ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர், கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன என்று 1950-களில் எடுத்துக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த சட்டங்களின் பலனாக, 1996-ம் வருஷ மாடலிலிருந்து அங்கே எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான சோதனைக் கம்ப்யூட்டர் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2010, 2013 ஏப்ரல் மாதங்களில் இரண்டு படியாக அந்த விதி வந்தது. புகைக்குக் காவல் வைத்த விளக்கு பெட்ரோல் செலவையும் காட்டிக் கொடுப்பதில் ஆச்சரியம் இல்லை. வீணாகும் பெட்ரோல்தானே புகையாகிறது?

காஸ் அடுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். காற்று சரியாகக் கலந்தால் நீலமாக எரியும். காற்று குறைந்தால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியைக் கரியாக்கும். என்ஜினிலும் அதே கதைதான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவைக் கவனித்துக்கொண்டே இருப்பது கம்ப்யூட்டரின் வேலை. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்ஸார் எரிந்தது போதுமா என்று சொல்லும். இன்னொரு சென்ஸார் என்ஜினின் உஷ்ணத்தைச் சொல்லும். இவற்றில் ஒன்று தவறாகச் சொன்னாலும் கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி இறைக்க ஆரம்பித்து விடும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விபரீதம் உண்டு. என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்க, 'தெர்மாஸ்டாட்' என்று ஒரு சிறு வால்வு இருக்கிறது. "இந்த வெயிலில் இது எதற்கு, சார்?" என்று அதைக் கழற்றி எறிந்து விடும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான்! ஆனால் என்ஜின் 80, 90 டிகிரி சூட்டில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. காயாத கல்லில் தோசை வார்த்தால் எண்ணெய் எவ்வளவு செலவாகும்? அதே போல, என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை ஊட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் உஷ்ணம் காட்டும் ஊசி எப்போதும் கீழேயே கிடந்தாலோ, சில வண்டிகளில் ஊசிக்குப் பதிலாக உள்ள நீல விளக்கு பத்து நிமிஷம் ஓடிய பிறகும் அணையாவிட்டாலோ, முதல் சந்தேகம் இந்த வால்வின் மேல்தான். ஆக்ஸிஜன் சென்ஸார் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

மஞ்சள் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் ஒரு குறி எண்ணை எழுதி வைத்திருக்கிறது என்று பொருள். டாஷ்போர்டின் அடியில் உள்ள 16 முனைத் துளையில் ஸ்கேனரைச் செருகினால் எண் தெரியும். செல்போனோடு இணையும் சிறிய ஸ்கேனர்கள் இப்போது கடைகளில் சல்லிசாகவே கிடைக்கின்றன.

ஆனால், அந்த எண் ஒரு முறையீடு. குற்றவாளியின் பெயர் அதில் இல்லை. 'பி 0171' என்று வந்தால், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டர் முறையிடுகிறது. சென்ஸார் கெட்டதாலும் அது வரலாம். வெடித்துப் போன ஒரு ரப்பர்க் குழாய் திருட்டுத்தனமாகக் காற்றை உறிஞ்சுவதாலும் வரலாம். குழாயைப் பார்க்காமல் சென்ஸாரை மாற்றினால் ஆயிரக்கணக்கில் பில் வரும். விளக்கும் அணைந்திருக்கும், எண்ணைத் துடைத்ததனால்! பெரும்பாலான கோளாறுகளைக் கம்ப்யூட்டர் இரண்டு சவாரிகளில் தொடர்ந்து கண்ட பிறகே விளக்கை ஏற்றுகிறது. ஆகவே நாலு நாளில் மஞ்சள் என்ஜின் திரும்பவும் வந்து உட்காரும். ரிப்பேருக்கு விடுவதற்கு முன் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். கேட்கிற வாடிக்கைக்காரருக்கு வேலை சற்று ஒழுங்காகவே நடக்கும்.

விளக்கே எரியாமல் பெட்ரோல் மட்டும் கரைவதும் உண்டு. நிஜமாகவே கரைகிறதா என்று முதலில் பாருங்கள். டாங்கை நிரப்பி, குழாய் தானாக 'டக்'கென்று நிற்கும் இடத்தோடு விடச் சொல்லி, மீட்டரைக் குறியுங்கள். 300 கிலோ மீட்டர் சுமார் ஓடியதும் அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். 312 கிலோ மீட்டருக்கு 26 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 12. முன்பு 16 கொடுத்த வண்டியா? மாதம் 800 கிலோ மீட்டர் ஓடினால் 50 லிட்டர் போதுமாயிருந்த இடத்தில் 67 லிட்டர் ஆகிறது. லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 1,700 ரூபாய் புகையாகப் போயிற்று.

"எத்தனால் கலக்கிறார்களே, அதனால்தான்" என்று பழி போடுவது இப்போது நாகரிகமாகி விட்டது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட எத்தனாலுக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பெட்ரோலில் அது 20 சதவிகிதம் வரை கலந்திருக்கிறது. 16 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் அதைச் சொல்லலாம். 12 கொடுத்தால் வேறு காரணம் தேடத்தான் வேண்டும். டயரில் காற்று, அடைத்துப் போன ஏர் பில்டர், நழுவும் கிளட்ச், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் இவற்றைப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடி நின்றதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு போங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் உராய்கிறது.

வாங்குவதற்கு முன்

இன்னும் வாங்கவில்லையா? அப்படியானால் நீங்கள் பாக்கியசாலி! சாவியைத் திருப்பி, என்ஜினைக் கிளப்பாமல் பலகையைப் பாருங்கள். மஞ்சள் என்ஜின் அப்போது எரிய வேண்டும். கிளப்பியதும் அணைய வேண்டும். திருப்பியதும் எரியவே இல்லை என்றால் அதிகம் பயப்பட வேண்டியது அந்த வண்டிக்குத்தான். பல்பைக் கழற்றி விட்டார்கள், அல்லது உள்ளே கறுப்பு நாடாவை ஒட்டி விட்டார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமான விற்பனைக்காரர் எண்ணை மட்டும் துடைத்து விடுவார். அதற்கும் வழி இருக்கிறது. துடைத்த பிறகு கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலவித வேகத்தில் சில நாள் ஓடினால்தான் முடியும். அதுவரை ஸ்கேனர் 'நாட் ரெடி' என்று காட்டும். தினமும் ஆபீசுக்கு ஓடிய வண்டி என்று சொல்கிறார். வரிசையாக 'நாட் ரெடி' இருக்கிறது. கேட்டால், "நேற்றுத்தான் புது பாட்டரி போட்டோம், அம்மா" என்பார். பாட்டரியைக் கழற்றினாலும் அப்படி ஆகும். மனிதர் நிஜமே சொல்லியிருக்கலாம். "அப்படியானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், அதற்குள் ஒரு 150 கிலோ மீட்டர் ஓட்டி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, அட்வான்ஸை எடுக்காமல், அவர் கொடுக்கும் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் புறப்படுங்கள்.