செவி சொல்லும் சேதி

பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில், கடைசி வரிசை மாணவர்கள் கேள்வி கேட்டால், "சத்தமாகப் பேசுங்கள்" என்று கடிந்துகொள்வேன். குறை அவர்கள் குரலில் இல்லை, என் செவியில்தான் என்பதை உணர நெடுநாள் ஆயிற்று. அப்போது எனக்குச் சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் செவியைப் பரிசோதித்த மருத்துவர், அடுத்துக் காலணியைக் கழற்றச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். இரண்டு இடங்களில் எனக்கு உணர்வே இல்லை.

செவிக்கும் பாதத்துக்கும் என்ன தொடர்பு? ரத்தத்தில் மிகும் சர்க்கரை, நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் சிதைக்கிறது. பாதத்தைப் போலவே உட்செவியும் அவற்றை நம்பியே இயங்குகிறது. அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை திரட்டப்பட்ட தேசிய சுகாதார ஆய்வுத் தரவுகளில், சர்க்கரை நோயாளிகளிடையே கேட்புத்திறன் குறைபாடு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது.

வெவ்வேறு அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கச் செய்து சோதிப்பது வழக்கமான முறை. 'பெரா' என்னும் பரிசோதனை இன்னும் நுட்பமானது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒலி எழுப்பியதும் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் தோன்றும் மின் அலைகளின் நேரத்தை மில்லி விநாடிகளில் அளக்கின்றனர். நரம்பு பழுதுபட்டிருந்தால் அலைகள் தாமதமாகும். நன்றாகவே கேட்பதாகக் கருதும் நோயாளிகள் சிலரிடமும் இத்தாமதம் தென்படுவதுண்டு. ஊசியில்லை, வலியில்லை.

முதுமையும் இரைச்சலும்கூடக் கேட்புத்திறனைக் குறைக்கும். எனவே, செவிப் பரிசோதனை பாதப் பரிசோதனைக்கு மாற்றாகாது. அது ஓர் எச்சரிக்கை மணி மட்டுமே.

ஆயினும், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்த மணியின் மதிப்பை நான் அறிவேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. உணர்விழந்த பாதத்தில் புண் முற்றி, ஒரு கூலித் தொழிலாளி காலை இழந்தால், அக்குடும்பம் வருவாயையே இழக்கிறது. அந்த இழப்போடு ஒப்பிட்டால், பரிசோதனைச் செலவு அற்பம்.

தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் நோயாளிகளின் இல்லம் தேடிச் செல்கின்றனர். "காது சரியாகக் கேட்கிறதா?" என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்கலாமே! அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.