மூழ்கிய ஆற்றின் மீன்கள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா ஓரமாகச் செல்லும் ரோச்சோர் கால்வாயைப் போன்ற நகர நீரோட்டங்களில் கண்ணில் படும் மீன்களில் அனேகமாக எதுவும் இந்த ஊர் மீன் இல்லை. அடியில் மேயும் சாம்பல் நிறத் திலாப்பியா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் உணவுக்காக ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. வாலில் வண்ணம் மின்னும் கப்பி, கொசுப்புழுவைத் தின்னும் என்று கொண்டுவந்து விடப்பட்ட தென்னமெரிக்க மீன். மரினா நீர்த்தேக்கத்தில் தூண்டில்காரர்கள் தேடும் மயில் பாஸும் தென்னமெரிக்காதான். கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவதுகூட சிங்கப்பூரின் முகத்துவாரங்களில் வந்து குடியேறிவிட்டது.

இந்தக் கூட்டத்தில் ஒரு சிறிய உள்ளூர்வாசியும் உண்டு. நீர்மட்டத்தை ஒட்டி, அசையாமல் நிற்கும் விரல் நீள மீன். மேலிருந்து பார்த்தால் தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு ஒன்று பளிச்சிடும். கப்பிக்கு அது கிடையாது. வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், நீர்ப்பரப்பில் விழும் பூச்சியைப் பிடிக்க வசதியாக. இதை நீண்ட காலம் 'பாஞ்சக்ஸ்' என்றே எழுதிவந்தார்கள். அது 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் விவரித்த இனம். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பிடித்த மீன்களை அண்மைக் காலத்தில் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் சிங்கப்பூர் மீனைத் தனி இனமாகப் பிரித்து, 'அப்ளோகைலஸ் அர்மாட்டஸ்' என்ற பழைய பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். செதில்களை எண்ணுவது, துடுப்பு முட்களை எண்ணுவது, அருங்காட்சியகச் சாராயப் புட்டிகளில் கிடக்கும் பழைய மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது: மீனை அடையாளம் காண்பது இப்படிப்பட்ட பொறுமையான வேலை. எரிக் ஆல்ஃபிரட் 1966இல் வெளியிட்ட சிங்கப்பூர் நன்னீர் மீன்களின் பட்டியலும், கெல்வின் லிம், பீட்டர் இங் இருவரும் 1990இல் பொதுமக்களுக்காக எழுதிய கையேடும் அந்தப் பொறுமையில் விளைந்தவை.

மற்ற சொந்த மீன்களைத் தேடினால் தீவின் நடுவே போக வேண்டும். நீ சூன் சதுப்புக் காடு சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் கடைசிப் பெரிய நன்னீர்ச் சதுப்புக் காடு. அங்கே ஓடும் தண்ணீர் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருக்கும். அழுக்கு அல்ல, உதிர்ந்த இலைகள் ஊறி இறங்கிய சாறு. அதனால் நீர் அமிலத்தன்மை கொண்டது, தாதுக்கள் மிகக் குறைவு. அமில நீரில் மீனின் உடலிலுள்ள சோடியம் செவுள் வழியே கசிந்து போய்விடும். அமேசானின் கருநீர் மீன்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் செவுள்கள் இந்தக் கசிவை இறுக்கிப் பிடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். வேறு எங்கோ வளர்ந்த மீனுக்கு இது எளிதில் வராது.

அந்தத் தே ஓ நீரில்தான் ஹார்லிக்குவின் ராஸ்போரா வாழ்கிறது. கெண்டைக்கு உறவான, இரண்டு அங்குலம்கூட எட்டாத மீன். செம்மஞ்சள் உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம். அதன் உறவுக்காரக் கெண்டைகள் பலவும் முட்டைகளை நீரில் இறைத்துவிட்டுப் போய்விடும். இதுவோ தலைகீழாகத் திரும்பி, நீர்ச்செடியின் இலைக்கு அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டுகிறது. உலகெங்கும் அலங்கார மீன் கடைகளில் மலிவாக விற்கப்படும் மீன் இது. ஆனால் சிங்கப்பூரில் தன் இயல்பான வாழ்விடத்தில் அது இருப்பது நீ சூனில்தான். அதே காட்டோடைகளில், நம் கடல் முரலுக்கு உறவான ஒரு சிறு முரலும் உண்டு. நீண்ட கீழ்த்தாடையை நீட்டிக்கொண்டு, மேலிருந்து விழும் எறும்புக்காகக் காத்திருக்கும். அது முட்டையிடாது, குட்டி போடும்.

இந்த ராஸ்போரா மலாய் தீபகற்பத்திலும் இருக்கிறது, சுமத்ராவிலும் இருக்கிறது. உப்புநீரைத் தாங்காத மீன் கடலை எப்படிக் கடந்தது? கடக்கவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ, மலாயா எல்லாம் ஒரே நிலமாக இருந்தன. இன்று கப்பல்கள் போகும் நீரிணைகளின் தரையில் ஆறுகள் ஓடின, அவற்றில் மீன்கள் ஏறியும் இறங்கியும் பரவின. பிறகு கடல் ஏறியது, ஆறுகள் மூழ்கின. மீன்கள் தத்தம் ஓடைகளில் தங்கிப்போயின. நீ சூனின் ராஸ்போராவைப் பார்க்கும்போது இப்போது இல்லாத ஓர் ஆற்றைத்தான் நாம் பார்க்கிறோம் என்பது என்னை ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்க வைக்கும் எண்ணம்.

அப்படியானால் சொந்த மீன்கள் இன்று காட்டோடைகளோடு ஒதுங்கியிருப்பது, வெளியிலிருந்து வந்த மீன்கள் விரட்டியதாலா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1993இல் பீட்டர் இங்கும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு. வந்தேறி மீன்கள் பெருகியிருந்தது நீர்த்தேக்கங்களிலும் கால்வாய்களிலும், அதாவது மனிதர்கள் ஏற்கெனவே மாற்றிவிட்ட நீரில். நிழல் குறையாத காட்டோடைகளில் சொந்த மீன்களே நிலைத்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காட்டை அழித்தபோதே ஓடைகளின் நிழலும் இலைச்சாறும் போயின. பிறகு சிமெண்டுக் கரை வந்தது. முதல் குற்றம் நிலத்தின் மேல் நடந்தது. இதற்காக வளர்ப்பு மீனை ஏரியில் விடலாம் என்று ஆகிவிடாது. அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென்னமெரிக்கத் திருக்கை மீன்கள் இனப்பெருக்கம் செய்து வருவதும் யாரோ தொட்டியைக் காலிசெய்ததன் விளைவாகவே இருக்க வேண்டும்.

காலாங் ஆற்றின் சிமெண்டுக் கால்வாயை பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் உடைத்து, 2012இல் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க்கோடு 3.2 கிலோமீட்டர் ஆறாயிற்று. அருமையான வேலை. ஆனாலும் அங்கே நீந்துவது பெரும்பாலும் திலாப்பியாவும் அதன் கூட்டாளிகளும்தான். ராஸ்போரா கேட்பது வளைந்த கரையை மட்டும் அல்ல. மேலே மூடிய காடு வேண்டும், அது ஆண்டு முழுவதும் இலை உதிர்க்க வேண்டும், அந்த இலை ஓடையிலேயே கிடந்து ஊற வேண்டும்.