தண்ணீரை எப்படிச் சேர்த்தீர்கள்?

சோப்பு மூலக்கூறுகளைப் போலப் பாலிமர்களும் நீரில் தாமாகவே திரளுமா, திரண்டால் உருண்டை வடிவம் மட்டும்தானா என்று முதுகலை வேதியியல் மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். திரளும். உருண்டையோடு நிற்பதும் இல்லை. என்ன வடிவம் அமையும் என்பதில் பாலிமருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அது கரைந்திருக்கும் திரவக் கலவைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிஃபெங் ஜாங்கும் ஆதி ஐசன்பெர்க்கும். அவர்களுடைய கட்டுரை 1995இல் சயின்ஸ் இதழில் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பாலிமரின் ஒரு பகுதி நீரை வெறுக்கும் நீண்ட பாலிஸ்டைரீன். மறுமுனை நீரை விரும்பும் குட்டையான பாலிஅக்ரிலிக் அமிலம். இதை நேராக நீரில் போட்டால் கரையாது. ஆகவே இரு பகுதிகளுக்கும் ஒத்துப்போகும் டைமெத்தில் ஃபார்மமைடில் முதலில் கரைத்தார்கள். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உருண்டைகளும் தண்டுகளும் உள்ளே திரவத்தைப் பொதிந்த நுண்பைகளும் தெரிந்தன.

பாலிமரின் பகுதிகளை நீட்டிக் குறைத்தால் வடிவம் மாறுவதில் வியப்பில்லை. அதே குழு பின்னர் கண்டதுதான் என்னை விடாமல் ஈர்க்கிறது. 310 ஸ்டைரீன் அலகுகளும் 52 அக்ரிலிக் அமில அலகுகளும் கொண்ட ஒரே பாலிமர், கரைப்பான் டையாக்சேன். தண்ணீரின் விகிதத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் உருண்டை தண்டாகிறது, தண்டு பையாகிறது.

காரணம் இதுதான். தண்ணீர் கூடக் கூட, திரளின் நடுவே ஒதுங்கும் பாலிஸ்டைரீன் கருவுக்கும் வெளித் திரவத்துக்கும் இடையிலான எல்லையில் இழுவிசை ஏறுகிறது. எல்லைப் பரப்பைக் குறைக்க, மேலும் பல சங்கிலிகள் ஒரே திரளில் சேர்கின்றன, உருண்டை பருக்கிறது. பருத்த உருண்டையின் நடு வரை எட்டச் சங்கிலிகள் விறைத்து நீள வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அது தாங்காது. தண்டாக மாறினால் அந்த விறைப்பு தளர்கிறது. பையின் மெல்லிய சுவராக மாறினால் இன்னும் தளர்கிறது.

டையாக்சேனைத் திரும்பச் சேர்த்தால் பை மீண்டும் தண்டாகும். ஆனால் இந்தச் சுதந்திரம் நெடுநேரம் நீடிக்காது. கருவுக்குள் ஊறியிருக்கும் கரைப்பான்தான் சங்கிலிகளை நகரவிடுகிறது. தண்ணீர் மிகும்போது அது வெளியேறிவிடுகிறது. பாலிஸ்டைரீன் இளகச் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். அறை வெப்பத்தில் கரு கண்ணாடியாக இறுகிவிடும். அந்த நேரத்தில் இருந்த வடிவமே நிலைக்கும். எங்கள் வீட்டில் கேழ்வரகு மாவு கரைக்கும்போது அம்மா தண்ணீரைச் சிறுகச் சிறுகத்தான் விடுவார். அதே மாவு, அதே அளவு தண்ணீர்தான். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். இங்கும் கடைசி அளவைப் போலவே அதை எட்டிய வழியும் முக்கியம்.

வடிவம் வெறும் அழகு அல்ல. எண்ணெய்த்தன்மை கொண்ட மருந்தை உருண்டையின் கரு ஏந்தும். நீரில் கரையும் மருந்துக்குப் பையின் உட்புறம் வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டெனிஸ் டிஷர் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், புழுப் போல நீண்ட பாலிமர்த் திரள்கள் எலிகளின் ரத்தத்தில் ஒரு வாரம் வரை சுற்றிவந்தன. உருண்டைகளைவிடச் சுமார் 10 மடங்கு நேரம்.

இப்படியிருக்க, ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளில் "தண்ணீர் சேர்க்கப்பட்டது" என்ற ஒற்றை வரியைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பாலிமரின் நீளத்தைத் துல்லியமாக எழுதுகிறோம். கரைப்பானை வெறும் பாத்திரம்போல நடத்துகிறோம். அடுத்து வருபவரால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாமல் போகிறது. உழைப்பும் பொருளும் வீணாகின்றன. எந்தக் கரைப்பான், எதில் எதை ஊற்றினோம், நிமிடத்துக்கு எவ்வளவு, எந்த வெப்பநிலையில், எவ்வளவு வேகமாகக் கலக்கினோம் என்று ஐந்து வரி எழுதப் பழக வேண்டும். நல்ல வேதியியலில் பாதி அந்த ஐந்து வரிகளில் இருக்கிறது.